ஏரிக்கு ஷட்டர் போட்ட கம்பெனி!

கோடையில் ஏரி வற்றினால் நம் ஊர்களில் என்ன நடக்கும்? ஊரே சேற்றில் இறங்கும். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர்கள் ஒரு பக்கம், டவுசர் பையன்கள் ஒரு பக்கம்... விராலும் கெளுத்தியும் வெறுங்கையிலேயே அகப்படும். தண்ணீர் இருந்தவரை கண்ணில் படாத மீன், தண்ணீர் போனதும் காலடியில் துள்ளும்.

இதே ஐடியாவை வைத்து ஒரு லிமிடெட் கம்பெனி நடத்தினார்கள் என்றால் நம்புவீர்களா? மீனுக்காக இல்லை ஸார்... தங்கத்துக்காக!

இடம், நியூஸிலாந்தின் தெற்குத் தீவு. ஏரியின் பெயர் வகாட்டிப்பு. அதிலிருந்து புறப்படும் ஆற்றின் பெயர் கவராவ். கம்பெனியின் பெயர் கவராவ் கோல்டு மைனிங் கம்பெனி. திட்டம் ரொம்ப சிம்பிள். ஏரியிலிருந்து ஆறு வெளியேறும் வாசலில் ஒரு அணை கட்டி, ஷட்டர் போட்டு, தண்ணீரை நிறுத்திவிடுவது. கீழே ஆறு காயும். ஆற்றின் அடியில் கிடக்கும் தங்கத்தை வாரிக்கொண்டு வரவேண்டியதுதான். 1924-ல் அணை வேலையை ஆரம்பித்தே விட்டார்கள்!

நான் பி.காம். பார்ட்டி. தங்கம் என்றதும் மற்றவர்களுக்கு நெக்லஸ் தெரியும்; எனக்கு வரவு - செலவுப் பத்திகள்தான் தெரியும். என்ன செய்வது, படித்த படிப்பு அப்படி. அந்தக் கண்ணோடு இந்தக் கம்பெனியின் கதையைத் தேடிப் படித்தபோது, காலேஜில் மூன்று வருஷம் உட்கார்ந்து கேட்டதைவிட அதிகமாக ஒரு விஷயம் புரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், அந்த ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடலாம்.

ஏரிக்கு இதயத் துடிப்பு!

நம் செம்பரம்பாக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு வகாட்டிப்புவைக் கற்பனை செய்யாதீர்கள். நீளம் மட்டும் சுமார் 80 கிலோமீட்டர். பரப்பு சுமார் 290 சதுர கிலோமீட்டர். ஆழம் 380 மீட்டர் வரை போகிறது. மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு அடுக்கினாலும் உச்சி வெளியே தெரியுமா என்பது சந்தேகம். ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 310 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆழம் அதைவிட அதிகம். ஆக, மலைக்கு நடுவே இருக்கும் ஏரியின் தரை, கடல் மட்டத்துக்கும் கீழே!

மேலேயிருந்து பார்த்தால் ஒரு ஆள் காலை மடக்கிப் படுத்திருப்பதுபோல வளைந்து கிடக்கும். மாவோரி மக்கள் இதற்கு ஒரு காதல் கதையே வைத்திருக்கிறார்கள். மாட்டாவ் என்ற ராட்சதன் மனாட்டா என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனான். அவளுடைய காதலன் மாட்டாகவுரி, ராட்சதன் தூங்கும் நேரம் பார்த்துத் தீ வைத்தான். கொழுப்பெல்லாம் உருகி, பூமியில் பள்ளம் விழுந்து, மலைப்பனி கரைந்து அதில் நிரம்பியது. உடம்பு போனாலும் அவன் இதயம் மட்டும் அடியில் இன்னும் துடிக்கிறதாம். அதனால்தான் ஏரி மூச்சுவிடுவதுபோலச் சில அங்குலம் ஏறி ஏறி இறங்குகிறது என்பது கதை.

ஏறி இறங்குவது நிஜம். விஞ்ஞானிகள் அதற்கு வேறு காரணம் சொல்கிறார்கள். வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இப்படியும் அப்படியும் தளும்புமே, அதே தளும்பல்தான். காற்றும் காற்றழுத்தமும் மாறும்போது அவ்வளவு பெரிய ஏரியும் தளும்புகிறது.

பள்ளத்தை உண்மையில் தோண்டிய ராட்சதன் யார்? பனி. பனியுகத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பிரம்மாண்டமான பனியாறு நிறைந்திருந்தது. பார்த்தால் அசையாததுபோல இருக்கும். ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அடியில் இருக்கும் பாறையை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டே போகும். அப்படித் தேய்ந்த பாறைகளில் அங்கங்கே தங்கம் ஓடிய வெள்ளைக் கல் நரம்புகளும் இருந்தன.

அரிசியில் கல் அரிப்பது போல...

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பனியாறு தங்கத்தை உடைக்கும், சுமக்கும், கொண்டுவந்து கொட்டும். ஆனால் சேர்த்து வைக்காது! பாறாங்கல், சரளை, களிமண், தங்கத்தூள் எல்லாவற்றையும் ஒரே கலவையாகக் கலந்து மலைமலையாகக் குவித்துவிட்டுப் போய்விடும். ரூபாய் நோட்டு ஒன்றைக் கிழித்து, ஒரு லாரி குப்பையில் கலந்துவிட்டால் எப்படி? பணம் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் யாருக்கு லாபம்?

பிரித்துக் கொடுக்கும் வேலையைச் செய்வது ஓடும் தண்ணீர். நம் வீட்டில் அம்மா அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு லேசாக ஆட்டி ஆட்டிச் சாய்க்க, அரிசி மேலே மிதந்து போகும். கல் அடியில் தங்கும். கனமான சரக்கு கீழே, லேசான சரக்கு மேலே. சாதாரணக் கல் தண்ணீரைப்போல இரண்டே முக்கால் மடங்கு கனம். தங்கமோ 19 மடங்குக்கும் மேல்! ஆற்று வெள்ளம் ஆயிரக்கணக்கான வருஷம் அரித்துக்கொண்டே இருந்தால், மண்ணும் கல்லும் கடலுக்குப் போய்விடும். தங்கம் மட்டும் பாறை இடுக்குகளிலும், ஆற்றின் அடித்தரையிலும் போய் ஒளிந்துகொள்ளும். தங்கம் தேடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் அகலமான தட்டு இருக்கிறதே, அதுவும் இதே சமையலறை வித்தைதான்.

இதை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நாலாயிரம் சவரன் மூட்டை

1861-ல் கேப்ரியல் ரீட் என்பவர் ஒட்டாகோ மாகாணத்தில் தங்கம் கண்டுபிடித்தார். ஜனங்கள் கும்பல் கும்பலாக வந்து இறங்கினார்கள். ஆனால் நம் கதைக்கு முக்கியமான ஆசாமிகள் இரண்டு பேர். அமெரிக்கரான ஹார்ட்லி, அயர்லாந்துக்காரரான ரெய்லி. 1862 ஆகஸ்ட் மாதம் இருவரும் டனீடின் நகரத்துக்கு வந்து, ஒரு சரக்கை எடை போடச் சொன்னார்கள். 87 பவுண்டு தங்கம்! நம் கணக்கில் சுமார் 32 கிலோ. சவரனில் சொன்னால் நாலாயிரத்துக்கும் மேல். நாலு கல்யாணம் இல்லை, நானூறு கல்யாணம் நடத்தலாம்.

எங்கே எடுத்தார்கள் என்று சொல்ல அரசாங்கமே 2,000 பவுண்டு பரிசு கொடுத்தது. அவர்கள் சொன்ன இடம், கவராவ் ஆறு போய்ச் சேரும் க்ளூத்தா ஆற்றின் ஒரு மலையிடுக்கு. எப்படி எடுத்தார்கள் என்பதில்தான் விசேஷம். அது கடுங்குளிர்காலம். நமக்கு ஆடி, ஆவணி என்றால் அங்கே மலைப்பனி உறைந்து கிடக்கும். உறைந்த பனி ஓடி வராதே! ஆற்றில் தண்ணீர் இறங்கியது. இறங்கிய ஆற்றோரம் வெளியே தெரிந்த மணல் திட்டில் இரண்டு பேரும் சத்தம் போடாமல் வாரிக்கொண்டிருந்தார்கள்.

‘தண்ணீர் இறங்கினால் தங்கம்!’

அன்றைக்கு விழுந்த இந்த விதைதான், அறுபது வருஷம் கழித்து ஏரிக்கு ஷட்டராக முளைத்தது.

அதே 1862-ல் வகாட்டிப்பு ஏரிக்குப் பக்கத்திலேயே ஆரோ, ஷாட்ஓவர் என்ற இரண்டு ஆறுகளிலும் தங்கம் கிடைத்தது. ஷாட்ஓவரில் நடந்த சம்பவம் ஒன்று சினிமாவில் வந்தால் ‘ரீல்’ என்று சிரிப்போம். டான் எலிசன், ஹகராயா ஹைரோவா என்று இரண்டு மாவோரிக்காரர்கள் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார்கள். கூட வந்த நாயை வெள்ளம் அடித்துக்கொண்டு போய் ஒரு பாறை முனையில் ஒதுக்கியது. நாயைக் காப்பாற்றப் போனால், பாறை இடுக்கில் மினுமினுக்கிறது. பொழுது சாய்வதற்குள் இருவரும் வழித்தெடுத்தது 25 பவுண்டு எடைத் தங்கம். ஆயிரத்து நூறு சவரனுக்கும் மேல்! அந்த இடத்துக்கு இன்றைக்கும் மாவோரி பாயின்ட் என்றே பெயர். நாய்க்கு என்ன கொடுத்தார்கள் என்று எந்தப் புஸ்தகத்திலும் இல்லை.

தோல் பையிலிருந்து நீராவி வரை

கரையோரச் சரக்கு சீக்கிரம் தீர்ந்தது. மிச்சம் இருந்தது ஆற்றின் நடுவே, ஆழத்தில். அதை எடுக்க வந்ததுதான் டிரெட்ஜர். துறைமுகத்தில் தூர் வாருமே, அதன் தாத்தா.

முதல் டிரெட்ஜரைப் பார்த்தால் சிரிப்பு வரும். படகில் ஒரு நீளமான கம்பு. கம்பு முனையில் இரும்பு வளையம். வளையத்தில் மாட்டுத்தோல் பை. கரண்டியைக் குழம்புக்குள் விட்டு அடியில் இருக்கும் கத்தரிக்காயைத் துழாவுவதுபோல ஆற்றடியைத் துழாவி, கயிறு போட்டு இழுத்து மேலே கொண்டுவருவார்கள். பெயரும் ‘ஸ்பூன் டிரெட்ஜ்’தான்! பிறகு ஆற்று ஓட்டத்திலேயே சக்கரம் சுற்றி இயங்கும் டிரெட்ஜர் வந்தது. 1881-ல் ‘டனீடின்’ என்ற நீராவி டிரெட்ஜர் இறங்கியது. நம் கிணற்றுக் கமலையில் ஒரு சால்தான் இருக்கும்; இதில் சங்கிலி நிறைய வரிசையாக வாளிகள். ஒவ்வொன்றாக ஆற்றடிக்குப் போய் அள்ளி வந்து கொட்டும்.

கொட்டியது சுழலும் சல்லடைக்குள் போகும். பெரிய கல் பின்னால் வெளியேறும். மணலும் தங்கமும் தண்ணீரோடு சரிவான மேஜைகளில் வழியும். அந்த மேஜைமேல் என்ன விரித்திருந்தார்கள் தெரியுமா? தென்னைநார்ப் பாய்! நார் இடுக்கில் தங்கத்தூள் சிக்கிக்கொள்ளும். அவ்வப்போது பாயை எடுத்து உதறி அலசினால் வருமானம். நாம் வாசலில் செருப்புத் துடைக்கும் சமாச்சாரத்தில் அவர்கள் தங்கம் பிடித்தார்கள்.

இந்தத் தொழிலைத் திருப்பிப் போட்டவர் ஒரு சீனர். பெயர் சோய் ஸ்யூ ஹோய். கான்டன் பக்கத்துக்காரர். 1869-ல் டனீடினுக்கு வந்து கடை போட்டு, சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சாமான் விற்றவர். எல்லாரும் ஆற்று நடுவையே பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஷாட்ஓவர் ஆற்றோரம் இருந்த ‘பிக் பீச்’ என்ற மணல் வெளியைப் பார்த்தார். டிரெட்ஜருக்கு ஒரு குட்டை வெட்டி, அதில் மிதக்கவிட்டு, முன்னால் தோண்டிக்கொண்டே, பின்னால் மூடிக்கொண்டே நகர வைத்தார். 1889-ல் தங்கம் கொட்டியது.

இத்தனைக்கும் சீனர்களுக்கு அங்கே கிடைத்த மரியாதை என்ன? 1865-ல் ‘சுரங்கத்துக்கு ஆள் வேண்டும், வாருங்கள்’ என்று கூப்பிட்டவர்கள் டனீடின் வியாபாரிகள் சங்கத்தினர். 1881-ல் நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி போட்டது அரசாங்கம். 1896-ல் அதையே 100 பவுண்டாக்கியது! வேறு எந்த நாட்டுக்காரருக்கும் கிடையாத வரி. நியூஸிலாந்து அரசு இதற்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2002-ல்தான்.

பேப்பரில் மிதந்த டிரெட்ஜர்கள்

ஸ்யூ ஹோய் ஜெயித்ததும் என்ன நடந்திருக்கும்? நம் தெருவில் ஒருத்தர் ஜெராக்ஸ் கடை வைத்து ஓடினால், அடுத்த மாசம் நாலு ஜெராக்ஸ் கடை வருமல்லவா? அதேதான். டிரெட்ஜர் கம்பெனிகள் முளைத்தன. கொஞ்சம் அடங்கின. பிறகு 1899, 1900-ல் ஜுரம் உச்சிக்குப் போனது. 1900 வாக்கில் ஒட்டாகோ, சவுத்லாந்து பகுதிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட டிரெட்ஜர்கள் ராவும் பகலும் ஆற்றைக் குடைந்துகொண்டிருந்தன.

நிஜமாக ஆற்றில் மிதந்தவை அவை. பேப்பரில் மட்டும் மிதந்தவை வேறு! ஆற்றோரம் ஒரு துண்டு நிலத்துக்கு உரிமை வாங்கு. பக்கத்து நிலத்தில் ஒருத்தனுக்குத் தங்கம் கிடைத்ததை பிராஸ்பெக்டஸில் கொட்டை எழுத்தில் போடு. பங்கு விற்று, விலை ஏறியதும் உன் பங்கைக் கைமாற்றிவிட்டு நகர்ந்துகொள். டிரெட்ஜரா? அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்! கடைசிவரை ஒரு வாளி மண்கூட அள்ளாமலே மூடிய கம்பெனிகள் பல. நல்ல கம்பெனிகளின் பங்குதாரர்களுக்கு நிஜமாகவே டிவிடெண்ட் வந்தது. அதைப் பார்த்து ஏமாந்தவர்கள்தான் அதிகம்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். ‘அங்கே தங்கமே இல்லை’ என்று யாரும் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளவில்லை. தங்கம் இருந்தது. சத்தியமாக இருந்தது. தட்டில் அரித்துக் காட்டினால் மினுக்கத்தான் செய்தது. அதனால்தான் ஜனங்கள் நம்பினார்கள். முழுப் பொய்யைவிட முக்கால்வாசி நிஜத்தில்தான் மனுஷன் விழுவான்.

மதகு இறங்கியது!

இப்போது 1924-க்கு வருவோம். கவராவ் ஆற்றடியில் தங்கம் கிடப்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஷாட்ஓவரும் ஆரோவும் காலம் காலமாகத் தங்கத்தைக் கொண்டுவந்து அதில்தான் கொட்டின. ஆனால் கவராவ் லேசுப்பட்ட ஆறு அல்ல. குறுகலான மலையிடுக்கில் நுரை தள்ளி ஓடும் முரட்டு ஆறு. மற்ற மலையாறுகள் மழை இல்லாவிட்டால் மெலியும். இது மெலியாது. காரணம், தலைமாட்டில் இருக்கும் ஏரி. மழைக்காலத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, மழையில்லாத காலத்திலும் விட்டுக்கொண்டே இருக்கும். பிக்ஸட் டெபாசிட் வைத்திருக்கும் ரிட்டயர்டு ஆசாமி மாதிரி, மாசம் பிறந்தால் வட்டி வந்துவிடும்.

சரி, அந்த டெபாசிட்டையே முடக்கினால்? ஏரியின் வாசலில், பிராங்க்டன் அருகே கவராவ் அருவி என்கிற இடத்தில் அணை எழுந்தது. வரிசையாக மதகுகள். எல்லாவற்றையும் இறக்கினால் ஏரியிலிருந்து ஆற்றுக்குப் போகும் தண்ணீர் நிற்கும். அவ்வளவு பெரிய ஏரி, கொஞ்ச நாள் தாங்காதா? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 290 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரே ஒரு மீட்டர் தண்ணீர் ஏறினால், 29 கோடி கன மீட்டர் அடங்கும். யானைக்குச் சோளப்பொரி! அந்தவரைக்கும் கம்பெனியின் கணக்கு சரிதான்.

1926 ஆகஸ்ட். ஹார்ட்லியும் ரெய்லியும் தங்க மூட்டையோடு வந்த அதே குளிர்காலம். மதகுகளை இறக்கினார்கள். ஏரி நின்றது. ஆறு இறங்க ஆரம்பித்தது...

இறங்கியது... இறங்கியது... நின்றுவிட்டது!

அடித்தரை தெரியவில்லை. ஆறு ஓடிக்கொண்டேதான் இருந்தது. எங்கிருந்து வருகிறது இந்தத் தண்ணீர்? ஏரியைத்தான் பூட்டியாயிற்றே?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், நமக்கே புரியும். அணைக்கு நாலைந்து கிலோமீட்டர் கீழேயே ஷாட்ஓவர் வந்து சேர்கிறது. அதற்கும் கீழே ஆரோ. இன்னும் கீழே மலையிடுக்கில் நெவிஸ், ‘கர்ஜிக்கும் மெக்’ என்று பெயர் வாங்கிய ஓடை, இன்னும் பல. இவை எதுவும் ஏரிக்குள் போகவில்லை. நேராக ஆற்றுக்கு வருகின்றன. ஏரியைப் பூட்டினால் இவற்றுக்கு என்ன வந்தது? வீட்டு மெயின் குழாயை மூடிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டால், மாடிவீட்டுக் குழாய் நாலும் நம் முற்றத்தில்தான் விழுகின்றன!

கதையின் வேடிக்கையே இதுதான். ஷாட்ஓவரும் ஆரோவும் இல்லாவிட்டால் கவராவில் அத்தனை தங்கம் கிடையாது. தங்கத்தைக் கொண்டுவந்த அதே ஆறுகள்தான் தண்ணீரையும் கொண்டுவந்தன. தங்கம் வேண்டும், தண்ணீர் வேண்டாம் என்றால் ஆறு கேட்குமா? பிரித்துக் கொடுக்கும் வேலையைத் தண்ணீர்தான் செய்தது. பிரித்ததைக் காவல் காப்பதும் அதே தண்ணீர்தான்.

வெளியே தெரிந்த திட்டுகளிலும் ஓரங்களிலும் கொஞ்சம் தங்கம் கிடைக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு ஏரிக்கே அணை கட்டிய செலவுக்கு அது எந்த மூலை? போட்டவர்களின் பணம் ஆற்றோடு போயிற்று.

நான் கேட்கும் மூன்று கேள்விகள்

இந்தக் கம்பெனிக்காரர்களை நான் டுபாக்கூர் பேர்வழிகள் என்று சொல்லமாட்டேன். பேப்பரில் டிரெட்ஜர் விட்டவர்களைப்போல இவர்கள் ஓடிவிடவில்லை. சொன்னபடி அணையைக் கட்டினார்கள். ஷட்டரையும் இறக்கினார்கள். நேர்மையாகவே தோற்றார்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலையாக இருக்கிறது. ஏமாற்றுக்காரனிடம் போன பணத்துக்குப் போலீஸில் ஒரு புகாராவது கொடுக்கலாம். நல்லவன் போட்ட தப்புக் கணக்கில் போன பணத்துக்கு எங்கே போய் அழுவது?

மாசம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கும் நம்மிடம், பத்தாம் தேதிக்குள் யாராவது ஒரு ‘ஸ்கீம்’ கொண்டு வந்துவிடுகிறார்கள். தேக்கு மரம் என்றார்கள், ஈமு கோழி என்றார்கள், நாளைக்கு வேறொன்று சொல்வார்கள். ஆபீஸ் கேன்டீனில் டீ ஆறிப்போகும் அளவுக்கு விளக்கம் நடக்கும். நண்பர்கள் என்னிடம், ‘நீதான் காமர்ஸ் ஆச்சே... போடலாமாப்பா?’ என்று கேட்கும்போது இப்போதெல்லாம் நான் கவராவ் கதையைச் சொல்லி, மூன்று கேள்விகளைக் கொடுக்கிறேன்.

ஒன்று: தங்கம் இருக்கிறதா? இதை எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் ‘இருக்கிறது’ என்ற பதிலே வரும். தட்டில் அரித்துக்கூடக் காட்டுவார்கள். இதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

இரண்டு: வெளியே எடுக்க என்ன செலவு? பனியாறு கலந்துவிட்டுப்போன குப்பை லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, ஒரு கிராம் எடுக்க எத்தனை வாளி மண்ணைப் புரட்டவேண்டும் என்பதில்தான் லாப நஷ்டம் இருக்கிறது.

மூன்று: நம் பூட்டுக்கு வெளியே எத்தனை ஆறு ஓடுகிறது? நாம் கட்டுப்படுத்தக்கூடியதை எல்லாம் திட்டத்தில் அழகாகப் படம் போட்டுக் காட்டுவார்கள். கட்டுப்படுத்த முடியாத ஷாட்ஓவர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘அப்படி ஒண்ணுமே இல்லீங்க’ என்று பதில் வந்தால், டீக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காவதாக ஒரு கேள்வி, இது நம் சுய லாபத்துக்கு. தங்கம் வருவதற்கு முன்பே சம்பாதிப்பது யார்? ஒட்டாகோவில் தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மண்வெட்டி விற்றவருக்குக் காசு. டிரெட்ஜர் செய்து கொடுத்த டனீடின் பட்டறைக்குக் காசு. பங்குத் தரகருக்குக் கமிஷன். ஸ்யூ ஹோய்கூட முதலில் கடைக்காரர்தான். டிரெட்ஜரில் அவர் இறங்கியது பிறகு!

தங்கத்தால் யாருக்கும் நல்லது நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். தங்கப் பணத்தில் டனீடின் அந்தக் கால நியூஸிலாந்தின் பெரிய நகரமாயிற்று. நாட்டின் முதல் பல்கலைக்கழகம் 1869-ல் அங்கேதான் வந்தது. மண்ணுக்குள் இருந்த பணம் கல்விக்கும் கட்டடத்துக்கும் மாறிய பிறகுதான் நிலைத்தது.

இப்போது எப்படி இருக்கிறது?

அந்த அணை இன்னும் நிற்கிறது. தங்கம் தராத அணை, பாலமாக உழைத்தது! அதன் முதுகில் ஒரு வண்டி மட்டும் போகும் அகலத்தில் ரோடு போட்டு, எதிர் எதிரே காத்திருந்து காத்திருந்து போனார்கள். 2018-ல் பக்கத்தில் புதுப்பாலம் வந்தபிறகு, பழையதில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகிறார்கள்.

அதே கவராவ் ஆற்றில், 1880-ல் கட்டிய தொங்குபாலம் ஒன்று உண்டு. 1988-ல் ஏ.ஜே. ஹாக்கெட் என்பவர் அங்கே ஒரு தொழில் ஆரம்பித்தார். காலில் ரப்பர் கயிறு கட்டி, பாலத்திலிருந்து ஆற்றை நோக்கித் தலைகீழாகக் குதிக்க வேண்டும். அதற்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும்! உலகம் முழுக்கப் பையன்களும் பெண்களும் கியூவில் நின்று குதிக்கிறார்கள். ஆற்றின் அடியைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் நஷ்டப்பட்டார்கள். ஆற்றை எட்டிப் பார்க்க வைத்தவர் லாபம் பார்த்தார்.

ஹார்ட்லியும் ரெய்லியும் நாலாயிரம் சவரன் வாரிய இடம்? க்ளூத்தா ஆற்றின் குறுக்கே, மின்சாரத்துக்காகக் க்ளைட் அணை கட்டினார்கள். 1992, 93-ல் தண்ணீர் தேக்கினார்கள். அந்த மலையிடுக்கு முழுவதும் இப்போது டன்ஸ்டன் ஏரிக்கு அடியில்! தங்கத்துக்காக ஒரு ஏரியை நிறுத்திப் பார்த்த ஊர், தங்கம் கிடைத்த இடத்தின் மேலேயே இன்னொரு ஏரியைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. அந்தத் தண்ணீர் மின்சாரமாக மாறி, மாசாமாசம் பில் போட்டு வசூலாகிறது.

ஆசைப்படுகிறவர்களுக்கு ஆரோ ஆற்றங்கரையில் இன்றைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மெஷின் கூடாது. தட்டும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் காலை விட்டு அரிக்கலாம். பொறுமை இருந்தால், கடைசியில் தட்டின் ஓரத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு மஞ்சள் புள்ளி மினுக்கும். அதைக் கண்டுபிடித்தவர்கள் முகத்தில் வரும் சந்தோஷத்துக்கு விலை கிடையாது.

சந்தோஷத்தோடு பாட்டிலில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். அதைக் காட்டி யாரும் பங்கு விற்காதவரை நல்லது!